கைராசிக்காரர்களுக்கு முதல் மெயில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். பஷீர் கேட்டான். அவன் இப்போது உங்களுக்கெல்லாம் மேலதிகாரி. எனக்கு என்றைக்கும் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பிஸ்கட் கொறிக்கும் பஷீர்தான். "டெக்னிக்கல் சமாச்சாரமெல்லாம் நான் சொல்லிக் குடுத்துக்கறேன்க்கா. நீங்க ஆபீஸ்ல திட்டுவீங்கள்ல, அதை மட்டும் எழுதிக் குடுங்க" என்றான். அதனால் திட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"அனுப்பியாச்சு மேடம்." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மஞ்சக்குப்பத்தில் கீழே மருந்துக்கடையும் மேலே நாமுமாக இருக்கிற அந்த மாடியில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். ஜவுளிக்கடை, கல்லூரி, ஆஸ்பத்திரி என்று யார் வந்தாலும் அவர்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பித் தருவது நம் தொழில். அனுப்புவதற்கு ஒரு பொத்தான் போதும். அதற்கு நாம் தேவையில்லை. போன மெயில் யாருடைய பெட்டியில் விழுந்தது, குப்பையோடு விழுந்ததா, கண்ணில் படும் இடத்தில் விழுந்ததா, அவர் அதைப் பார்த்தாரா என்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். "வந்துடுச்சு" என்று மறுமுனையில் இருப்பவர் சொல்லும்வரை நம் வேலை முடியவில்லை. நான் கத்தியதன் சாரம் இவ்வளவுதான்.

இதை எனக்கு உறைக்க வைத்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் ஒரு பயிற்சி மையம் இருந்தது. நர்சிங் படித்தவர்களுக்கு ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்து, அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் வேலை வாங்கித் தரும் இடம். வெளிநாட்டு வேலை என்றதும் உங்கள் புருவம் உயரும் என்று தெரியும். இது நேர்மையான இடம். நடத்தியவர் சபாநாயகம், ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். விவசாயக் குடும்பம். தங்கை நர்ஸாக ஜெர்மனிக்குப் போய் நல்லபடியாக இருப்பதைப் பார்த்துவிட்டு இந்தத் தொழிலில் இறங்கியவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பஞ்சாங்கம் எப்போதும் இருக்கும். கம்ப்யூட்டர் வாங்க நாள் பார்ப்பார். அது பழுதானால் ரிப்பேருக்குக் கொடுக்கவும் நாள் பார்ப்பார். "ரிப்பேர்காரனுக்கும் ஜாதகம் பார்த்தீங்களா சார்?" என்று நான் கேட்டிருக்கிறேன். சிரிப்பாரே தவிர, கோபித்துக்கொண்டதில்லை.

அவர் நம்மைத் தேடி வந்தது ஒரு புகாரோடு. விளம்பர மெயில் எத்தனை அனுப்பினாலும் யாரும் திறப்பதில்லை, என்னவென்று பாருங்கள் என்றார். விசாரித்தால், எங்கெங்கிருந்தோ சேர்த்த நர்சிங் மாணவர்களின் முகவரிகளை வைத்துக்கொண்டு, தன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து தானே பல்லாயிரம் பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். "ஜெர்மனியில் வேலை! உடனே வாருங்கள்!" என்று ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆச்சரியக்குறி. கேட்காதவர்களுக்குப் போன கடுதாசி. எரிச்சலில் பாதிப் பேர் அதைக் குப்பை என்று குறித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் சிதம்பரம் போனேன். சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு, அதற்கப்புறம் ஜன்னல் காற்றில் தூங்கி, போய்ச் சேர்ந்தால் அங்கே சபாநாயகத்தின் மேஜைக்கு எதிரே ஓர் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கலைவாணி, அந்த மையத்தில் படிப்பவள். தேவனாம்பட்டினத்துப் பெண். அம்மா செல்வி, படகுத்துறையில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். கலைவாணி அழுது முடித்திருந்தாள். செல்வியம்மா இன்னும் ஆரம்பிக்கவில்லை, கோபத்தில் இருந்தார்.

"ஏன் சார், எம்பொண்ணு மெயிலு வரும் மெயிலு வரும்னு போனையே பாத்துகினு கெடந்துது. சோறுகூட எறங்கல. வரவேயில்லையே. வராத மெயிலுக்கு எப்படி சார் பதில் போடும்?"

"நாங்க அனுப்பிட்டோம்மா. இதோ பாருங்க, தேதி, நேரம் எல்லாம் இருக்கு" என்று சபாநாயகம் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

நடந்தது இதுதான். ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி கலைவாணியை வீடியோவில் நேர்காணல் செய்ய ஒப்புக்கொண்டிருந்தது. அதற்காக ஆஸ்பத்திரி தரும் லிங்க், அதாவது இணைப்பு, மையத்தின் பெயரில் அவளுக்கு மெயிலில் போகும். அதே மெயிலுக்கு அவள் பதில் எழுதி, வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் ஆகாதா என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். ஆகாது. ஆஸ்பத்திரிக்காரர்களின் விதி அது. உறுதி வராததால் அவர்கள் நேர்காணலையே நடத்தவில்லை.

நான் கலைவாணியிடம் போனைக் கேட்டு வாங்கி, குப்பை மெயில்கள் ஒதுங்கும் ஸ்பாம் பெட்டியைத் திறந்தேன். கடன் தருகிறோம் என்ற விளம்பரத்துக்கும் லாட்டரிப் பரிசுக்கும் நடுவில் அவளுடைய நேர்காணல் மெயில் கிடந்தது.

"இப்படி ஒரு எடம் இருக்கறதே எனக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

இத்தனை வருடம் ஸ்பாம், ஸ்பாம் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அதற்குள் ஒரு பெண்ணின் வேலை கிடக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. ஜவுளிக்கடைத் தள்ளுபடி போனால் போகிறது. இது அப்படியில்லை.

சபாநாயகம் நல்ல மனிதர், ஜெர்மனிக்கு நாலைந்து தடவை போன் போட்டுக் கெஞ்சினார். அவர்களும் இரங்கினார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை இன்னொரு வாய்ப்பு. புதன்கிழமை இணைப்பு அனுப்புவோம், அன்றைக்குள் உறுதி வர வேண்டும், இந்தத் தடவையும் வராவிட்டால் இடம் வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் ஸ்பாம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமே என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. பஷீர் சோதனைக்காக மையத்தின் பெயரிலிருந்து நாலைந்து மெயில்கள் அனுப்பிப் பார்த்தான். இரண்டு ஸ்பாமில் விழுந்தன. கலைவாணி கணக்கு வைத்திருந்த அதே மெயில் நிறுவனத்துக்குப் போனது ஸ்பாமில்கூட விழவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னவென்று பார்த்தால், முந்தின நாள்தான் சபாநாயகம் இன்னொரு சுற்று விளம்பரத்தைத் தட்டிவிட்டிருக்கிறார். நல்ல நேரம் பார்த்துத்தான்.

மெயில் பெட்டி நடத்தும் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பெயரையும், முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருகிற அதை, கவனித்துக்கொண்டே இருக்கின்றன. இந்தப் பெயரில் வந்தால் ஆட்கள் திறக்கிறார்களா, பதில் எழுதுகிறார்களா, இல்லை குப்பை என்று எறிகிறார்களா? அதை வைத்து அடுத்த மெயிலுக்கு இடம் ஒதுக்குகின்றன. விளம்பரமும் நேர்காணலும் ஒரே பெயரில் போனதால், விளம்பரம் வாங்கிய கெட்ட பெயரை நேர்காணல் சுமந்தது.

"பேசாம வேற ஒரு பேர் வாங்கிடுங்க மேடம். புதுசா, பளிச்சுனு. அதுலேர்ந்து அந்தப் புள்ளைக்கு அனுப்பிடலாம்" என்றார் சபாநாயகம்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவசரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இந்த யோசனைதான். எனக்கும் ஒரு நொடி சபலம் தட்டியது. அப்புறம் அவர் வகுப்பறையின் சுவரைக் காட்டினேன். பெரிய எழுத்தில் அவரே ஒட்டிவைத்திருந்த அறிவிப்பு: நம் மையத்தின் பெயரில் வராத எந்த மெயிலையும் தொடாதீர்கள். வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றும் கும்பல்கள் திரியும் ஊரில் சரியான அறிவுரை.

"நீங்களே தொடாதேன்னு சொல்லிட்டு, நீங்களே வேற பேர்ல அனுப்பினா எப்படி சார்? கலைவாணி அதை மொதல்ல அழிச்சுட்டுத்தான் தண்ணியே குடிப்பா."

அதுவும் தவிர, முன்பின் தெரியாத புதுப் பெயர் திடீரென்று வந்து கதவைத் தட்டினால் மெயில் நிறுவனங்களும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஆகவே சப்டொமைன் என்று முடிவு செய்தோம். மையத்தின் பெயர் அப்படியே இருக்கும். அதற்கு முன்னால் ஒரு சொல்லும் ஒரு புள்ளியும் சேரும். நேர்காணல் மெயிலுக்கு ஒன்று. விளம்பரத்துக்கு வேறொன்று. பழைய பெயரை விளம்பரத்துக்குத் தொடவே கூடாது, அது ஆறட்டும்.

செல்வியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னாம்மா சொல்றீங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

"உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?"

"ஒரு பையன், ஒரு பொண்ணு."

"ரெண்டு பேருக்கும் இனிஷியல் ஒண்ணுதானே? ஆனா ஊர்ல அவன் பேர் வேற, இவ பேர் வேற. இவ நல்லாப் படிச்சா அது இவ பேருக்கு. அவன் எங்கயாவது வம்பு பண்ணிட்டு வந்தா அது அவன் பேருக்கு."

"ஆனா கேக்கறவன் எங்க ஊட்டு வாசல்லதானே வந்து கேப்பான்?"

"அதேதான். அவன் ரொம்ப ஆடினா உங்களுக்கும் கெட்ட பேர், இவளையும் பொண்ணு கேட்டு வரமாட்டாங்க."

"எம்பையன் அப்படிலாம் இல்லம்மா" என்றார் விறைப்பாக. மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் சப்டொமைனைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில் பாதி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. தனித்தனிப் பெயர், ஒரே இனிஷியல். ஒன்றின் கெட்ட பெயர் இன்னொன்றின்மேல் உடனே முழுசாக ஏறாது. ஆனால் அளவு மீறினால் வீட்டு வாசலுக்கு வந்தே தீரும்.

நேர்காணல் சப்டொமைன் தயாரானதும் வகுப்பில் இருந்த எல்லோரையும் அந்தப் புது முகவரிக்கு முதலில் அவர்களே எழுதச் சொன்னோம். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், ஜெர்மன் மொழியில் உங்கள் ஊரைப் பற்றி நாலு வரி எழுதுங்கள் என்றோம். அவர்களுடைய ஆசிரியை ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். ஆட்கள் தாங்களாக எழுதி, பதில் வாங்கி, மறுபடி எழுதும் முகவரிக்கு மெயில் நிறுவனங்களிடம் மரியாதை தானாக வரும். கலைவாணிக்கு வந்த முதல் பதில் ஸ்பாமில்தான் விழுந்தது. இப்போதுதான் அந்த இடம் அவளுக்குத் தெரியுமே, தோண்டி எடுத்து 'இது குப்பையில்லை' என்று குறித்தாள். அடுத்த பதில் நேராக உள்ளே வந்தது. ஆனால் ஆள் எழுதும் நாலு வரி வேறு. நீளமான இணைப்போடு இயந்திரம் அனுப்பும் மெயில் வேறு. புதன்கிழமை என்ன ஆகும் என்று பஷீராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

இந்த நிலையில்தான் திங்கட்கிழமை சபாநாயகத்திடமிருந்து போன். குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

"மேடம், புதன்கிழமை வளர்பிறை முகூர்த்தம். காலைல அருமையான நேரம். விளம்பர சப்டொமைனை அன்னைக்கே தொடங்கிடலாம். மொத்தப் பேருக்கும் முகூர்த்தம் முடியறதுக்குள்ள போய்ச் சேந்துடணும்."

அடுத்த பஸ்ஸைப் பிடித்து சிதம்பரத்துக்கு ஓடினேன். பிறந்து ரெண்டு நாள் ஆன சப்டொமைனிலிருந்து ஒரே காலையில் பல்லாயிரம் மெயில், அதுவும் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் அதே ஆட்களுக்கு. மெயில் நிறுவனங்கள் இனிஷியலையே பிடித்து உலுக்கும். அன்று மதியம்தான் கலைவாணியின் இணைப்பு அதே இனிஷியலோடு போக வேண்டும்.

இதையெல்லாம் பொறுமையாகத்தான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். "இதை விட்டா அடுத்த நல்ல நாளு தள்ளிப் போயிடும் மேடம்." என் பொறுமை அங்கே தீர்ந்துவிட்டது.

"உங்க முகூர்த்தத்துக்கு அந்தப் பொண்ணைக் காவு குடுக்கணுமா சார்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னார்: "நாள் பாக்கறது என் நம்பிக்கை. அதை நீங்க கிண்டல் பண்ணலாம், எனக்குப் பரவால்ல. ஆனா இந்தத் தடவை வகுப்பு நெரம்பலைன்னா இந்த எடமே இருக்காது மேடம். அப்புறம் கலைவாணிக்குப் பின்னால இருக்கறவங்களை யார் அனுப்புவா?"

அவரும் சரியாகத்தான் பேசினார். இந்தத் தொழிலில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் பிடிவாதமாக இருக்கும்போது, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று ஒரு தடவை யோசியுங்கள். நான் அன்றைக்குத் தாமதமாகத்தான் யோசித்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேஜையைப் பார்த்தேன். புது வகுப்புக்கான விண்ணப்பப் படிவங்கள் கட்டாக இருந்தன. மேல் படிவத்தில் மஞ்சள் தடவியிருந்தது.

"இது யாருக்கு சார்?"

"மொதல் பாரம். புவனகிரில ஒரு டீச்சர் இருக்காங்க, அவுங்க பொண்ணுதான் நம்ம மொத பேட்ச்சு. வருஷா வருஷம் அவுங்க கையால மொதல் பாரத்தை வாங்கச் சொல்லுவேன். ரொம்ப கைராசி."

"அவுங்க வாங்கினதும்?"

"அப்புறம் என்ன, ஒவ்வொருத்தரா வர வர குடுக்க வேண்டியதுதான்."

"முகூர்த்தம் முடிஞ்சப்புறம் வந்தாலும் குடுப்பீங்களா?"

"குடுப்பேனே. தொடங்கறதுதான் நல்ல நேரத்துல இருக்கணும்."

"அப்ப மெயிலுக்கு மட்டும் ஏன் சார் கதவைத் தெறந்ததும் ஊரையே உள்ள தள்றீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. "உங்களுக்குக் கைராசிக்காரங்க யாரு? நீங்க அனுப்பி ஜெர்மனில நல்லா இருக்கறவங்க. உங்க மெயில் வந்தா சந்தோஷமாத் தெறப்பாங்க, பதில் போடுவாங்க. அப்புறம், தானா வந்து விசாரிச்சவங்க. புதன்கிழமை முகூர்த்தத்துல இவுங்களுக்கு மட்டும் அனுப்புவோம். தொடங்கியாச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா சேத்துகிட்டே போவோம். கேக்காதவங்க பக்கமே போக வேணாம்."

சப்டொமைனை மெல்லப் பழக்குவது எப்படி என்று உங்களுக்கு வகுப்பெடுப்பார்கள், வரைபடம் காட்டுவார்கள். எனக்கு அதைப் புரியும்படி சொல்ல வந்தது அந்த மஞ்சள் தடவிய படிவத்தால்தான். சபாநாயகம் தலையை ஆட்டினார். "கைராசி... இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே மேடம், எதுக்குக் கத்துனீங்க?" என்றார்.

புதன்கிழமை காலை பஷீரும் நானும் சிதம்பரம் ஆபீசில் இருந்தோம். விளம்பரம் என்ற பேச்சே இல்லாமல் நலம் விசாரித்து, புது வகுப்பு தொடங்குகிறது, தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள் என்று நாலு வரி எழுதியிருந்தோம். சபாநாயகம் கற்பூரம் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஜெர்மனியில் விடிந்தும் விடியாத நேரம். இருந்தாலும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் பதில் எழுத ஆரம்பித்தார்கள். சார் நல்லா இருக்கீங்களா, இங்கே குளிர், சாம்பார்ப் பொடி தீர்ந்துவிட்டது, அத்தை பொண்ணு ஒருத்தி இருக்கிறாள், அவளைச் சேர்த்துக்கொள்கிறீர்களா? அவர் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தார். கண் கலங்கியிருந்தது.

முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் கை மறுபடி பொத்தான் பக்கம் போனது. பழைய முகவரிகள் மொத்தமும் அங்கேயேதான் இருந்தன.

"இவ்வளவு நல்லாப் போவுதே மேடம். நேரமும் இருக்கு. மீதியையும் விட்டுடலாமா?"

பஷீர் என்னைப் பார்த்தான். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அதிகம் செய்யாத காரியம் அது. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி அது அவர் இடம், அவர் கை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையை எடுத்துப் பஞ்சாங்கத்தை மூடிப் பையில் வைத்தார். "வேணாம். மொதல்ல அந்தப் புள்ளைக்கு வரட்டும்."

மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் ஜெர்மனியில் ஆபீஸ் திறந்து, இணைப்பு கிளம்பியது. "மெயில் கம்பெனில ஏத்துகிட்டாங்கக்கா. போயிடுச்சு" என்றான் பஷீர்.

"போயிடுச்சுன்னு சொல்லாத."

கலைவாணிக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. மறுபடி போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. செல்வியம்மாவுக்குப் போட்டோம், அவர் ஏலத்தில் இருந்தார், அந்த இரைச்சலில் "யாரு? யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சாப்பாடு வாங்கி வந்தார்கள், யாரும் பிரிக்கவில்லை. ஆசிரியை வகுப்பை நிறுத்திவிட்டு வாசல்படியில் வந்து நின்றார். இந்தத் தடவையும் அது லாட்டரிப் பரிசுக்குப் பக்கத்தில் கிடந்தால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது?

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி ஏறியது. கலைவாணியிடமிருந்து, ஜெர்மன் மொழியில் முறையான உறுதிக் கடிதம். அடுத்த நிமிடம் என் போன் அடித்தது.

"அக்கா, வந்துடுச்சுக்கா! மேலயே வந்துடுச்சு, தேடவே இல்ல! எங்க ஏரியால இன்னைக்கு கரன்ட் ஷட்டவுன். போன் செத்துப்போச்சு. சித்தி ஊட்டுக்கு ஓடிவந்து சார்ஜ் போட்டேன், தொறந்ததும் மொத ஆளா நிக்குதுக்கா!"

பஷீர் மேஜையில் ஓங்கித் தட்டினான். நான் அழுதுவிட்டேன், வெட்கப்படவில்லை. சபாநாயகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். புதன்கிழமை, பன்னிரண்டு தாண்டியிருந்தது.

"ராகு காலத்துல வந்திருக்கு" என்றார். பிறகு அவரே, "வந்துடுச்சுல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

மறுநாள் நேர்காணல் நடந்தது. வேலை கிடைத்தது. செல்வியம்மா ஒரு பை நிறைய வஞ்சிரத்தோடு நம் மாடியேறி வந்து என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். மீன் வாடையால் கீழே மருந்துக்கடைக்காரர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விளம்பர சப்டொமைனுக்கு நாளுக்குக் கொஞ்சமாக ஆட்களைச் சேர்த்தோம். கேட்காதவர்களின் முகவரிகளைச் சபாநாயகமே அழிக்கச் சொன்னார். அழிப்பதற்கு அவர் நாள் பார்க்கவில்லை. அனுப்பியது குறைந்தது, பதில் கூடியது, வகுப்பு நிரம்பியது. பழைய பெயரும் சில மாதங்களில் ஆறி எழுந்தது. கெட்டுப்போன பெயர் திரும்பாது என்று சோர்ந்து வரும் வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்லுங்கள். திரும்பும். மெதுவாகத் திரும்பும்.

இன்னொரு வகை ஆட்களும் உங்களிடம் வருவார்கள். ஒரு சப்டொமைனைக் கெடுத்துவிட்டு, "அடுத்தது ஒண்ணு போட்டுக் குடுங்க, அது கெட்டா இன்னொண்ணு" என்பார்கள். செய்வதை மாற்றாமல் முகத்தை மட்டும் கழுவிக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டுக் கொடுக்காதீர்கள். யாருக்கு அனுப்புகிறீர்கள், அவர் கேட்டாரா என்று கேளுங்கள். நாலு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள், போகட்டும். நான் அப்படிப் பலரைத் துரத்தியிருக்கிறேன், பஷீரைக் கேட்டுப் பாருங்கள், பட்டியலே சொல்லுவான்.

அப்புறம் எனக்கு வேலையில் கடைசி வாரம் வந்தது. சபாநாயகம் போன் செய்தார். திட்டக்குடியில் ஒரு கிளை திறக்கிறார், அதற்குத் தனியாக ஒரு சப்டொமைன் வேண்டும். எனக்குப் பழைய குறும்பு விடவில்லை.

"நாள் பாத்தாச்சா சார்?"

"தெறப்பு விழாவுக்குப் பாத்துட்டேன். மெயிலுக்கு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"நான் என்னத்தைப் பாக்கறது?"

"மொதல் மெயில் கலைவாணிக்கு. புவனகிரி டீச்சருக்கு அடுத்து நமக்கு அந்தப் புள்ளதான் கைராசி. அதுக்கு எப்ப டூட்டி இல்லைன்னு கேட்டுச் சொல்லுங்க. அந்த நேரத்துல அனுப்பிடலாம்."

பஞ்சாங்கத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, வாங்குபவருக்கு எது நல்ல நேரம் என்று கேட்கிறார் சபாநாயகம். இப்போது ஜெர்மனியில் இருக்கும் கலைவாணியிடம் கேட்டேன், சனிக்கிழமை காலை ஓய்வு என்றாள். சனிக்கிழமை மதியம், அவளுக்கு விடிந்து காபி போடும் நேரமாகப் பார்த்து, மஞ்சக்குப்பம் மாடியில் என் மேஜையிலிருந்து நான் அனுப்பிய கடைசி மெயில் கிளம்பியது. பஷீர் திரையைப் பார்த்தான். ஏற்றுக்கொண்டார்கள் என்று வந்திருக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். இருவரும் காத்திருந்தோம். கலைவாணியின் போன் வந்தது.

"வந்துடுச்சுக்கா."